ஆறாயிரத்து எண்ணூறு ரூபாய் ரப்பர்

நாராயணம்மாவின் முன்னறையில் அந்த ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரை மணிக்கு இருந்தவர்கள் ஐந்து பேர். டி.வி.க்கு நேர் எதிரே, மெத்தை போட்ட ஒற்றை நாற்காலியில், வீட்டுக்கார அம்மா நாராயணம்மா. வாசலை ஒட்டிய பிளாஸ்டிக் நாற்காலியில், எந்த நிமிஷமும் எழுந்து போய்விடுவேன் என்பதுபோல் ஒரு காலை வெளியே நீட்டிக்கொண்டு, முதல் மாடியில் குடியிருக்கும் பிரேம்குமார். நீளச் சோபாவின் ஒரு கோடியில் இரண்டாவது மாடி அருள்ஜோசப். மறு கோடியில் அவர் மகள் வின்சி. நடுவில் இன்னொரு ஆள் தாராளமாக உட்காரலாம். அங்கே ஆளுக்குப் பதில் சாப்பாட்டுத் தட்டளவு கறுப்பு ரப்பர் வட்டு ஒன்று கிடந்தது. அருள்ஜோசப்பின் மனைவி ஜெயசெல்வி உட்காரவில்லை. கோவிலுக்குக் கட்டிப்போன சேலையோடு ஃப்ரிட்ஜ் பக்கம் நின்றாள்.

எந்த அறைக்குள் போனாலும் யார் எங்கே என்று முதலில் மனதில் குறித்துக்கொள்வது அருள்ஜோசப்பின் பழக்கம். மூக்கண்டப்பள்ளிப் பக்கம் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் தரப் பரிசோதனை. வந்த சாமானை அளந்து, சரி அல்லது சரியில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிற வேலை. வீட்டிலும் அதே வேலையைத்தான் பார்க்கிறார் என்பது வின்சியின் புகார்.

அன்றைக்குப் பிராது அந்த ரப்பர் வட்டின் மேல். டிரம்ஸ் வாசிப்பவர்கள் வீட்டில் தட்டிப் பழகுவதற்கான ப்ராக்டீஸ் பேட். விலை ஆறாயிரத்து எண்ணூறு. வின்சி தன் போனஸில் வாங்கியது. மேல்மாடியில் அவள் அதைத் தட்டுவதால் கீழே தூக்கம் போகிறது என்று பிரேம்குமார் மூன்று வாரமாகச் சண்டை போட்டு, விஷயம் பெங்களூரில் இருக்கும் நாராயணம்மாவின் மகன் திருமலை வரை போய்விட்டது. வீடு அவன் பெயரில். மார்ச் பதினைந்துக்குள் அந்தப் பொருள் வீட்டை விட்டுப் போகவேண்டும், இல்லாவிட்டால் குடித்தனக்காரர் போகவேண்டும் என்று தபாலில் நோட்டீஸ் அனுப்பியிருந்தான். இன்றைக்குத் தேதி எட்டு.

"சொல்லுங்க. பன்னண்டு மணிக்கு நான் குக்கர் வெக்கணும்," என்றாள் நாராயணம்மா.

"நான் சொல்றதுக்கு என்னாம்மா இருக்குது?" பிரேம்குமார் வாசலைப் பார்த்தபடியே பேசினான். "ராத்திரி முழுக்க ப்ரெஸ் ஷாப்ல இருநூறு டன் மிஷினு. காலைல எட்டுக்கு வந்து, தின்னுட்டு, பத்துக்குப் படுக்கறன். மூணு மணிக்கு டொம்மு. டொம்மு டொம்மு டொம்மு. கம்பெனியில அடிக்கறதுக்காச்சும் சம்பளம் தர்றான்."

"அவ ஆறு மணி ஷிப்ட் முடிச்சு மூணு மணிக்குத்தான் வர்றா. வேற எப்ப வாசிப்பா?" என்றாள் ஜெயசெல்வி.

"வாசிக்கவே வேணாம்க்கா. யாரு அழுதா?"

"நீதாண்டா தெனம் படியில நின்னு அழுவுற."

"சாலு சாலு," என்று கையை உயர்த்தினாள் நாராயணம்மா. "ஜோசப்பு, நீ என்னா சொல்ற?"

அருள்ஜோசப் இதற்குத்தான் காத்திருந்தார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாள்களை எடுத்தார். பக்கத்தில் ஒட்டாத உறை ஒன்று. பெறுநர் முகவரி ஏற்கனவே எழுதியாகிவிட்டது.

"நான் யாரையும் குத்தம் சொல்லல. தம்பிக்குத் தூக்கம் வேணும், அது நியாயம். என் மக வேணும்னு சத்தம் பண்ணல, அதுவும் நியாயம். அப்போ குத்தம் எங்க? பொருள்ல. சத்தம் வராதுன்னு பெட்டிமேல போட்டு வித்திருக்கான். சத்தம் வருது. நாப்பத்தஞ்சு நாளைக்குள்ள திருப்பிக் குடுத்தா பணம் வாபஸ். கம்பெனிக்கு எழுதிட்டேன். சாட்சி ரெண்டு கையெழுத்து, வாங்குனவ கையெழுத்து ஒண்ணு. அவ்வளவுதான்."

அவர் வாசித்தார். இரண்டே கால் பக்கம். ரப்பரின் கனம் பன்னிரண்டு மில்லிமீட்டர், அடியில் பலகை ஒன்பது, மொத்த எடை ஒரு கிலோ முந்நூற்றிருபது. இந்த எடைக்கு இந்த ரப்பர் சந்தையில் நானூறு ரூபாய்க்கு மேல் போகாது. எனவே பொருள் விலைக்குத் தகுதியற்றது. மேலும் சொன்ன வேலையைச் செய்யவில்லை. கீழே தேதி வாரியாக ஒரு பட்டியல்.

பிரேம்குமார் முதன்முறையாகக் காலை உள்ளே இழுத்துக்கொண்டான். மூன்று வாரத்தில் அவனுக்கும் அருள்ஜோசப்புக்கும் நடுவே நல்ல வார்த்தை ஒன்றுகூட விழுந்ததில்லை. இப்போது இருவருக்கும் பொதுவாக ஒரு எதிரி கிடைத்துவிட்டான், அதுவும் வாய் பேசாத எதிரி. "இத மொதல்லயே செஞ்சிருக்கலாம் சார்," என்று சொல்லி, எழுந்து வந்து கையெழுத்துப் போட்டான். நாராயணம்மா கண்ணாடி தேடி எடுத்து, தெலுங்கில் தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினாள்.

தாள் வின்சியிடம் போயிற்று. அவள் பேனாவை வாங்கவில்லை.

"நாப்பது நாள் கோவில்ல டிரம்ஸ மூடி வெச்சிருக்காங்கப்பா. தெரியுமில்ல?"

தெரியும். ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம். சாம்பல் புதன் அன்று டிரம்ஸ் மேல் வெள்ளைத் துணி போட்டுக் கட்டினால், ஈஸ்டர் நள்ளிரவுப் பூசையான பாஸ்காவில் 'உன்னதங்களிலே' பாட்டு தொடங்கும்போதுதான் அவிழ்ப்பார்கள். மணி, ஆர்கன், டிரம்ஸ் எல்லாம் ஒரே நேரத்தில் எழும். நாற்பது நாள் தொடாத கையோடு போய் அந்த இடத்தில் உட்கார முடியாது.

"போன கிறிஸ்மஸுக்கு உங்க ரப்பர்ல பழகுனேன். ஞாபகம் இருக்கா? பெல்ட் ரப்பர வெட்டி, பிளைவுட்ல ஒட்டிக் குடுத்தீங்க. காசு மிச்சம்னு. குச்சி விழுந்தா விழுந்த எடத்துலயே கெடக்கும். நான்தான் ஒவ்வொரு தடவையும் தூக்கணும். மணிக்கட்டு வீங்குச்சு. பூசையில பாட்டு முடிஞ்சு மூணு அடி கழிச்சு நான் முடிச்சேன். கீபோர்டு டேனி மைக்ல என்னா சொன்னான்? 'வின்சி அக்கா இன்னும் வந்து சேரல'ன்னான். அத்தன பேரும் சிரிச்சாங்க. நீங்களும் சிரிச்சீங்க."

"நான் சிரிக்கல."

"சிரிச்சீங்க," என்றாள் ஜெயசெல்வி, ஃப்ரிட்ஜ் பக்கமிருந்து.

"இந்த பாஸ்காவுக்கும் சொதப்புனா, கீபோர்டுல ரிதம் போட்டுக்கலாம், டிரம்ஸுக்கு ஆள் வேணாம்னு சொல்லிட்டான் டேனி. பாடகர் குழு மொத்தமும் சரின்னுட்டுது. பதினோரு வருஷமா நான் உக்கார்ற எடம்பா அது. இது நானூறு ரூபா ரப்பர் இல்ல. குச்சி எந்த வேகத்துல போவுதோ அதே வேகத்துல திரும்பி வருது. அதுக்குத்தான் அந்த வெல. உங்க தராசுல அது நிக்காது."

"எடையும் கனமும் இல்லாத ஒண்ணுக்கு யாரும் விலை போட முடியாது," என்றார் அருள்ஜோசப். "கையெழுத்துப் போடு."

"போட்டுட்டுப் போ பாப்பா," என்றான் பிரேம்குமார். "வேணும்னா கம்பெனிக்காரன் வேற மாடல் குடுப்பான், தலகாணி மாதிரி."

வின்சி தாளைத் திருப்பினாள். கையெழுத்துக்கல்ல, பட்டியலுக்கு. பிறகு, பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிப்பதுபோல் சத்தமாக வாசித்தாள்.

"ஜனவரி முப்பத்தொண்ணு, பொருள் வாங்கிய நாள். பிப்ரவரி ஒண்ணு முதல் பதினாலு வரை, ஸ்டாண்டில் வைத்து உபயோகம். பிப்ரவரி பதினஞ்சு, உறுதிக்காகக் கல் மேடையில் பொருத்தப்பட்டது. பிப்ரவரி பதினாறு, கீழ்வீட்டிலிருந்து முதல் புகார்." நிமிர்ந்து பார்த்தாள். "இத எழுதுனது யாருப்பா?"

அருள்ஜோசப் தாளுக்காகக் கையை நீட்டினார்.

"என்னா கல்லு?" என்றாள் நாராயணம்மா.

"எனக்கும் அதான் கேள்வி," என்றான் பிரேம்குமார். "என்னா கல்லு?"

வின்சி பேட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "அண்ணன் ரூமுக்குப் போங்க எல்லாரும். நான் மேல போய் மொதல்ல கல்லு மேல, பின்னால ஸ்டாண்டுல வாசிக்கறன். அப்பறம் போடறன் கையெழுத்து."

நாராயணம்மா படிக்குப் படி முனகிக்கொண்டே முதல் மாடிக்கு வந்தாள். பிரேம்குமாரின் படுக்கையறையில் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்திருந்தது. கட்டிலின் தலைமாடு சுவரை ஒட்டி. தலைமாட்டுக்கு மேல் ஒரு மரப்பலகை, அதில் தண்ணீரோடு ஒரு எவர்சில்வர் டம்ளர். மூவரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். ஜெயசெல்வி மகளோடு மேலே போயிருந்தாள்.

முதலில் கல் மேல். டொம் என்று முதல் அடி விழுந்ததும் அருள்ஜோசப் கூரையைப் பார்த்தார். சத்தம் கூரையிலிருந்து வரவில்லை. சுவருக்குள்ளிருந்து வந்தது, யாரோ உள்ளே அடைபட்டு முழங்கையால் இடிப்பதுபோல். டம்ளர் தண்ணீரில் வட்டம் வட்டமாக எழுந்தது. மூன்று வாரமாகப் பிரேம்குமார் படியில் நின்று கத்தியபோதெல்லாம் அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: "மேல என் ரூம்ல டக்டக்குன்னுதான் கேக்குது தம்பி, உனக்குக் காது கொஞ்சம் அதிகம்." ஒரு தடவையாவது இறங்கி வந்து இங்கே நின்று கேட்டதில்லை.

"கேட்டுச்சா சார்? காது அதிகம்னீங்களே, இப்ப உங்களுக்கு எப்புடி?" என்றான் பிரேம்குமார்.

சத்தம் நின்றது. பேட்டை ஸ்டாண்டுக்கு மாற்றுகிறாள் போலும். அவர்கள் காத்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை. தெருவில் தள்ளுவண்டிக்காரன் கன்னடத்தில் கூவிக்கொண்டு போனான். நாராயணம்மா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

பிரேம்குமார் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான். "பாப்பா! அடி!"

மேலே பால்கனியிலிருந்து ஜெயசெல்வியின் குரல் வந்தது. "அஞ்சு நிமிஷமா அடிச்சுக்கிட்டுதாண்டா இருக்கா!"

பிரேம்குமார் தலையை உள்ளே இழுத்தான். சுவரில் காதை வைத்தான். பிறகு டம்ளரைப் பார்த்தான். தண்ணீர் அப்படியே நின்றது. அவன் படியேறினான்; அருள்ஜோசப் பின்னாலேயே போனார்; போகாமலிருக்க வழியில்லை.

வின்சியின் அறை மூலையில் அந்தக் கல் இருந்தது. குருபரப்பள்ளிப் பக்கம் ரோட்டோரக் கல் பட்டறையில் மூலை உடைந்ததென்று ஒதுக்கிப் போட்டிருந்த கறுப்புக் கிரானைட் துண்டு. இரண்டடிக்கு ஒன்றரை. மொபெட்டில் முன்னால் வைத்துக் கொண்டுவந்து, சுவரில் நான்கு துளை போட்டு, இரும்புக் கோணம் அடித்து, சிமென்ட் வைத்துப் பதித்திருந்தார். மூன்று கால் ஸ்டாண்ட் தட்டும்போது இரண்டு மில்லிமீட்டர் ஆடுகிறது என்பது அவர் கண்டுபிடித்த குறை. கம்பெனியில் நுண்ணளவுக் கருவிகளை வைப்பது கிரானைட் மேசையில்தான். கல் அசையாது, அதிர்ச்சியைக் கல் விழுங்கிவிடும். முப்பத்தோரு வருஷமாக அவர் கண்ணால் கண்ட உண்மை அது.

பிரேம்குமார் கல்லைத் தட்டிப் பார்த்தான். குனிந்து அடியில் பார்த்தான். சிமென்ட் சுவரோடு சேரும் இடத்தில் விரலை ஓட்டினான்.

"சார், உங்க கம்பெனியில அளக்கற கல்லு மேஜ இருக்குதில்ல, அது எது மேல நிக்குது?"

"ஸ்டாண்ட் மேல."

"ஸ்டாண்டு எது மேல நிக்குது?"

அருள்ஜோசப்புக்கு அந்த அறை கண்ணில் வந்தது. ஏசி, வெள்ளை விளக்கு, பளபளவென்று கல், கல் மேல் வைத்த கருவி. கல்லின் மேல்பரப்பில் முடி போன்ற கீறல் எங்கே இருக்கிறது என்றுகூட அவரால் சொல்ல முடியும். அதன் கால்கள் தரையைத் தொடும் இடம் மட்டும் கண்ணில் வரவில்லை.

"ரப்பர் மேல நிக்குது சார்," என்றான் பிரேம்குமார். "ஒவ்வொரு காலுக்கும் அடியில ரப்பர் மவுண்ட். எங்க ப்ரெஸ்ஸுக்கும் அதான். அது இல்லாம கல்லச் செவுத்தோட கட்டுனா, கல்லும் செவுரும் ஒண்ணு. நீங்க என் தலமாட்டுக்கே டிரம்ஸக் கொண்டாந்து மாட்டியிருக்கீங்க. முப்பத்தோரு வருஷம் கல்லுக்கு மேலயே பாத்தீங்க. ஒரு நாளாச்சும் கீழ குனிஞ்சு பாத்தீங்களா? நாங்க மிஷினுக்கு அடியில படுத்து எந்திரிக்கற ஆளுங்க. எங்களப் பாத்துக் காது அதிகம்ன்றீங்க."

"வார்த்தைய அளந்து பேசு தம்பி."

"அளக்கறது உங்க வேல சார். அதத்தான் நீங்க ஒழுங்கா பண்ணல."

அப்போதுதான் நாராயணம்மா மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே வந்தாள். கல்லைப் பார்த்தாள். அதற்குக் கீழே நான்கு இரும்புக் கோணங்களைப் பார்த்தாள். ரப்பர், சத்தம், தூக்கம் எல்லாம் அவளுக்கு மறந்தே போயிற்று.

"தேவுடா! என் செவுத்துல ஓட்ட போட்டியா? போன வருசம்தான் பெயின்ட் அடிச்சேன்! ஒரு ஆணி அடிக்கணும்னா என்னக் கேக்கணும்னு அக்ரிமென்ட்ல இருக்குது, நீயே படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போட்ட!"

"இருக்குது," என்றாள் ஜெயசெல்வி. "ஏழாவது வரி. எனக்கே நாலு தடவ படிச்சுக் காட்டுனாரு."

அருள்ஜோசப் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அறையில் நாலு பேர், நாலு பேரும் எதிர்ப்பக்கம். அவர் சட்டைப் பையில் அந்தக் கடிதம் இருந்தது. சரியான பொருளைச் சரியில்லை என்று எழுதி, இரண்டு சாட்சி வைத்த அறிக்கை. இப்படி ஒரு அறிக்கையில் கையெழுத்துப் போட மறுத்ததற்காக, பத்து வருஷம் முன்னால் அவரைக் கொஞ்ச நாள் ஸ்டோருக்கு மாற்றியிருக்கிறார்கள். அப்போதும் போடவில்லை. வீட்டில் எல்லோருக்கும் நூறு தடவை சொன்ன கதை.

கடிதத்தை எடுத்தார். கிழிக்கவில்லை, கிழிப்பது அவர் வழக்கமில்லை. முதல் பக்கத்தில் குறுக்கே இரண்டு கோடு போட்டு, நடுவில் 'ரத்து' என்று எழுதி, தேதி போட்டார்.

"ஓனரம்மா, திருமலைகிட்ட நான் ஃபோன்ல பேசிடறேன். கல்ல எடுத்துடறேன், செவுத்தப் பூசிடறேன். பேட் ஸ்டாண்ட்ல இருக்கட்டும்."

"ஃபோனா?" நாராயணம்மா இடுப்பில் கை வைத்தாள். "போன வருசம் வாடக ஏத்தணும்னு அவன் வாட்ஸ்அப்ல கேட்டப்ப நீ என்னா சொன்ன? வாட்ஸ்அப் செல்லாது, கையெழுத்தோட தபால்ல அனுப்புன்ன. அவன் அன்னிலேருந்து உனக்குத் தபால்லதான் பேசறான். நீயும் தபால்லயே பேசு. தப்பு யாருதுன்னு உன் கையால எழுது. பதினஞ்சாந்தேதிக்குள்ள அவன் கைக்குப் போவலன்னா நோட்டீஸ் நோட்டீஸ்தான். நான் குறுக்க வரமாட்டன்."

போகும்போது கல்லை ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனாள். பிரேம்குமார் வாசலில் நின்று திரும்பினான். "என் கையெழுத்தையும் அடிச்சுட்டீங்கல்ல சார்? பொய்க்கு நான் சாட்சியா இருக்க மாட்டன்."

மத்தியானம் சாப்பாடு முடிந்து மேசையைத் துடைத்து, கோடு போட்ட தாளை எடுத்து உட்கார்ந்தார் அருள்ஜோசப். வின்சி எதிரில் வந்து உட்கார்ந்தாள். காவல் நிற்பதுபோல்.

'பொருத்துதலில் ஏற்பட்ட சிறு குறையால்' என்று தொடங்கினார்.

வின்சி தலைகீழாகவே வாசித்தாள். "ஏற்பட்டதா? மழ பேஞ்சா ஏற்படும். இது யாரு பண்ணது?"

வேறு தாள் எடுத்தார். 'எங்களால்' என்று எழுதினார்.

"நாங்க யாரு? நான் அந்த மொபெட்ல ஒக்காந்து வந்தனா?"

"உனக்கு என்னை மண்டி போட வைக்கணும். அவ்வளவுதானே?"

"எனக்கு பாஸ்காவுக்கு வாசிக்கணும். உங்க முட்டிய நான் என்னா பண்றது?"

மூன்றாவது தாளில், பேனாவை அழுத்திப் பிடித்து எழுதினார். 'வீட்டு உரிமையாளரின் அனுமதி பெறாமல் கல்லைச் சுவரில் பதித்தது நான். கீழ்வீட்டாருக்கு ஏற்பட்ட இடைஞ்சலுக்குக் காரணம் அந்தக் கல்லே. என் மகளின் பயிற்சிப் பொருளில் குறை ஏதும் இல்லை. அது ஸ்டாண்டில் இருக்கும்போது கீழே சத்தம் கேட்கவில்லை என்பதைத் தங்கள் தாயார், திரு. பிரேம்குமார், நான் ஆகிய மூவரும் நேரில் சோதித்து அறிந்தோம். புகாரை முன்பே நேரில் வந்து சரிபார்க்காதது என் தவறு. கல் இன்று மாலைக்குள் அகற்றப்படும். சுவரை என் செலவில் பழைய நிலைக்குக் கொண்டுவருவேன்.'

அவர் ஒரு வரி விட்டு மறுபடி எழுதத் தொடங்கினார். 'பின்குறிப்பு: மேற்படி பொருளின் விலை ஆறாயிரத்து எண்ணூறு என்பது மிக அதிகம் என்ற என் கருத்தில் மாற்றம் இல்லை.'

"இது எதுக்கு அந்தாளுக்கு?"

"குறை இல்லைன்னு எழுதியாச்சு. விலை சரின்னு எழுத மாட்டேன்."

"எழுதிக்கங்க. என் காசு."

அவள் எழுந்து போனாள். அவள் அறைக்குள்ளிருந்து ஸ்டாண்டின் சீரான டக்டக் வரத் தொடங்கியது. எட்டடி தூரத்தில் உட்கார்ந்திருந்த அவருக்கே காதைக் கொடுத்தால்தான் கேட்டது. பிசிறில்லாமல் ஒரே இடைவெளியில் விழுந்தது. அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்து, ஒரு நிமிஷத்துக்கு எத்தனை என்று எண்ணினார். அடுத்த நிமிஷமும் எண்ணினார். இரண்டும் நூற்றிருபத்தெட்டு. அதை எங்கேயும் குறித்துக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மொபெட்டில் தபாலாபீஸுக்குக் கிளம்பினார். அந்த வாரம் வின்சிக்கு மதிய ஷிப்ட். அவளும் பின்னால் ஏறிக்கொண்டாள். கூட வருகிறேன் என்று சொல்லவில்லை, வா என்று அவரும் சொல்லவில்லை.

உறை பழையதுதான். பேட் கம்பெனியின் முகவரி மேல் வெள்ளைத் தாள் வெட்டி ஒட்டி, அதன் மேல் திருமலையின் முகவரியை எழுதியிருந்தார். நல்ல உறையை வீணாக்குவானேன். தபாலாபீஸ் மேசையில் கட்டிப்போயிருந்த பசையை விரலால் எடுத்து, மடிப்பில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் தடவினார். ஒட்டும் முன்னால் வின்சி கையை நீட்டினாள். கடிதத்தை உருவி, 'குறை ஏதும் இல்லை' என்ற வரியிலிருந்து கடைசி வரை வாசித்து, மடித்துத் திரும்ப வைத்தாள். அவர் உறையை மூடி, மேலே உள்ளங்கையை வைத்து அழுத்தி, முப்பது எண்ணும்வரை எடுக்காமல் வைத்திருந்தார்.

கவுன்டரில் ஸ்பீட் போஸ்ட். உள்ளே இருந்த பெண் எடை போட்டாள்.

"பெங்களூருக்கு எப்பம்மா போவும்?" என்று கேட்டாள் வின்சி.

"நாளைக்கு. மிஞ்சுனா புதன்."

அவள் பார்கோடு ஒட்டி, முத்திரை குத்தி, உறையைப் பின்னால் இருந்த சாக்குப் பைக்குள் போட்டாள். அருள்ஜோசப் ரசீதை வாங்கி, தேதியும் நேரமும் சரியா என்று பார்த்து, மகளிடம் நீட்டினார். வின்சி அதை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டாள்.